ஜீவராணியின் பதினொரு வருடம்

கலியாணம் கட்டும்போது ஜீவராணி தன் கணவன் யோகராஜை விட நான்கு வயது இளையவள். இருபத்திரண்டு வருடம் கழித்து அவனை விட ஏழு வயது மூத்தவள். பதிவு நடந்தது 2002 இல். அப்போது அவனுக்கு இருபத்தேழு, அவளுக்கு இருபத்துமூன்று. 2024 இல் அவனுக்கு நாற்பத்தொன்பது, அவளுக்கு ஐம்பத்தாறு. அவளுடைய அடையாள அட்டை நாற்பத்தைந்து என்றுதான் சொன்னது, ஆனால் அடையாள அட்டைக்கு முழங்கால் நோகாது. கொழும்பில், கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், சாமான் அடுக்கும் பழைய கிட்டங்கியின் முதுகோடு ஒட்டியிருந்தது அவர்களுடைய வீடு. ஒழுங்கையில் இருப்பவர்கள் இதைக் கண்டார்கள், இரண்டு கிழமை கதைத்தார்கள், பிறகு தண்ணீர் வராத நாட்களைப் பற்றிக் கதைக்கப் போய்விட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் யோகராஜைக் கண்டால் "அக்கா சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்பார்கள். முதல் இரண்டு மூன்று தடவை அவன் திருத்தினான். பிறகு, சுகம் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

யோகராஜின் தொழில் ட்ரம்ஸ் அடிப்பது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மண்டபங்களில் கலியாணம், கொட்டாஞ்சேனையில் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, யாருடையதோ அறுபதாம் பிறந்தநாள், எதுவானாலும் அவனுடைய குழு போகும். கைகாரன்தான், அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் ஓடுவான். நிமிடத்துக்கு நூற்றிருபது அடி என்று தொடங்கும் பாட்டை நூற்றி முப்பத்தெட்டில் கொண்டுபோய் முடிப்பான். பாடுகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள், சனம் விசில் அடிக்கும், அவன் அதைத் தன் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொள்வான். அவன் அடித்த மண்டபங்களை விட்டு வெளியே வந்தவர்களின் கைக்கடிகாரங்கள் ஆறேழு நிமிடம் முந்தி ஓடியது உண்மை. விருந்தாளிகளுக்கு வேளைக்கே பசியெடுத்ததால் சாப்பாட்டுக்காரர்கள் புரியாணிச் சட்டியைச் சற்று முன்னதாகவே திறந்துவைக்கப் பழகியிருந்தார்கள். ஆறு நிமிடத்தை யார் கணக்கெடுப்பார்? எல்லோரும் மணிக்கூட்டைத் திருத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மண்டபத்தில் அவனைப் பிடித்துவைக்கக் கிற்றார்காரனும் கீபோர்ட்காரனும் இருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. நாள் தவறாமல் காலை பத்து மணிக்குப் பின் அறைக்குள் போய், ஒரு மணிவரை மூன்று மணித்தியாலம் பயிற்சி எடுப்பான். அயலட்டைக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று அறை முழுக்க முட்டைத் தட்டுகளை ஆணியடித்து, கதவில் ஒரு பழைய மெத்தையையும் தொங்கவிட்டு, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்வான். மூன்று பக்கமும் கிட்டங்கியின் தடித்த செங்கல் சுவர். நான்காவது பலகைச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஜீவராணி தையல் மெஷினோடு இருப்பாள், அடுப்பும் அங்கேதான். பிடித்துவைக்க ஆளில்லாமல் அவன் ஓடிய ஓட்டத்தில், அவனுடைய ஒரு மணித்தியாலம் பலகைக்கு இந்தப் பக்கம் ஐந்து மணித்தியாலமாகப் போனது. அடிக்கிறவனுக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. அடியைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத்தான் ஏறியது, நாளொன்றுக்கு அரை நாள் என்ற கணக்கில்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு மனிதனுக்கு இது விளங்காமல் இருக்குமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தையல் அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. மூன்று மணித்தியாலப் பயிற்சியில் அது சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலம் கூடுதலாக ஓடியது. ஒரு மணிக்கு அவன் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வரும்போது, முட்கள் இரண்டும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து ஒரு மணியிலேயே நிற்கும். யோகராஜ் அண்ணாந்து பார்ப்பான், நேரம் சரி என்று சாப்பிட உட்காருவான். வீட்டில் இருவர்தான், அரிசியோ மூன்று பேருக்குப் போலத் தீர்ந்தது. அவள் பூனைக்குப் போடுகிறாள் என்று நினைத்தான். கடிகாரத்துக்கு அடிக்கடி பற்றரி மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரன் பழைய பற்றரி விற்கிறான் என்று அவனோடு சிங்களத்தில் சண்டை பிடித்தான். பயிற்சி நேரத்தில் கதவடியில் வைக்கப்படும் தேத்தண்ணி எப்போதும் ஆறிப்போய் இருந்தது. மனுசிக்கு ஒரு தேத்தண்ணியைச் சூடாகத் தரத் தெரியவில்லையே என்று இருபத்திரண்டு வருடமும் குறைப்பட்டான். முப்பத்தைந்து வயதில் அவள் கண்ணாடி போட்டாள், நாற்பத்தொன்றில் மாதவிலக்கு நின்றது. தையல்வேலை கண்ணைக் கெடுக்கும், கொழும்புத் தண்ணி உடம்பைக் கெடுக்கும் என்று அதற்கும் காரணம் வைத்திருந்தான்.

அந்த அரை நாட்களில் ஜீவராணி சாறிச் சட்டை தைத்தாள். வெள்ளவத்தையில் சாறிக்கடை வைத்திருந்த ஷிம்னா மூன்று நாள் வேலையைத் திங்கட்கிழமை கொடுத்தால் இவள் செவ்வாய்க்கிழமை கொளுக்கி வைத்து, மடித்து, கையில் தந்துவிடுவாள். "இவட கையில மெஷின் ஓடுதா, ஜின் ஓடுதா" என்று ஷிம்னா வாடிக்கையாளரிடம் பெருமையடிப்பாள். நாளைக்குக் கலியாணம், இன்றைக்குச் சட்டை பத்தவில்லை என்று அழுதுகொண்டு வந்த பெண்கள் எல்லோரும் கடைசியில் கொட்டாஞ்சேனைக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். ஜன்னலில் வெயில் நின்ற இடத்திலேயே நிற்க, பலகைக்கு அப்பால் ஓர் அடி விழுந்து மற்ற அடி விழுவதற்குள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, அவள் தைத்தாள். களைத்தால் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்தாள். எழும்பியபோதும் அவன் அடித்துக்கொண்டுதான் இருந்தான்.

2024 ஓகஸ்டில் வெள்ளவத்தையில் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆறு கிழமை பழகிய நடனமொன்றை ஆடினார்கள். யோகராஜ் வழமைபோல் ஓடினான். அவர்களும் ஓடிப் பார்த்தார்கள், மூன்றாவது சுற்றில் பெண் கால் தடக்கிக் கேக் மேசையில் விழுந்தாள். பெண்ணின் தாய் போட்ட சத்தம் காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும். கிராண்ட்பாஸில் இருக்கும் அஹ்ஸன், கீபோர்ட் வாசிப்பவன், யோகராஜை விடப் பதினைந்து வயது இளையவன், அன்றைக்குத் திரும்பி வரும்போது வான் வண்டிக்குள்ளேயே அவனுடைய போனை வாங்கி அதற்குள் ஓர் அப்பை இறக்கிக் கொடுத்தான். அடிக்கிற சத்தத்தைப் போன் கேட்டுக்கொண்டிருக்கும், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிக் காட்டும், சரியாக நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு. இப்போது கொழும்பில் அநேகமான ட்ரம்ஸ்காரர்கள் இதை வைத்துக்கொண்டுதான் அடிக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. "அண்ணே, கோவிச்சிக்காதீங்க. நூத்தியிருவதுல தொடங்கி நூத்திமுப்பத்தெட்டுல முடிச்சீக்கிறீங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்க, இது பொய் சொல்லாது" என்றான் அஹ்ஸன். யோகராஜுக்குச் சுள்ளென்றது. என்றாலும் வீட்டில் பாவித்துப் பார்க்கிறேன் என்றான்.

மறுநாள் காலை அப்பைப் போட்டுவிட்டு, போனில் சார்ஜ் இல்லாததைக் கண்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் அதைச் செருகி, இங்கேயிருந்தே கேட்கட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போனான். ஒரு மணிக்கு வந்து பார்த்தால் திரையில் இன்றைய பயிற்சி பதினைந்து மணித்தியாலம் நான்கு நிமிடம், சராசரி வேகம் முப்பத்தொன்று என்று இருந்தது. முப்பத்தொன்றில் பிணம்கூட அடிக்காது என்று அவன் சிரித்தான். அடுத்த நாளும் அதே கணக்கு. அஹ்ஸன் அப்பை அழித்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தான், மூன்றாம் நாளும் பதினைந்து. போன் பழுதாப் போச்சுது என்று யோகராஜ் சாப்பாட்டு மேசையில் புறுபுறுத்தபோது, ஜீவராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது சரியாத்தான் காட்டுது" என்றாள்.

அவளுக்குக் கலியாணம் முடித்த இரண்டாம் கிழமையே தெரியும். தேத்தண்ணியை ஊற்றிக் கதவடியில் வைப்பாள், அது ஆறிவிடும். எடுத்துப்போய்ச் சூடாக்கி வைப்பாள், அதுவும் ஆறிவிடும். ஒவ்வொரு நாளும் அப்படி நாலைந்து தடவை. கடைசியாக ஆறியதைத்தான் அவன் குடித்தான். கதவைத் தட்டியும் பார்த்திருக்கிறாள். அவள் தட்டுவது மெத்தையைத் தாண்டி அவனுடைய காதுக்குப் போகும்போது ஒரு சின்ன டிக்காகத்தான் போகும், அதுவும் ட்ரம்ஸ் சத்தத்துக்குள். "அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டான். "சொன்னா நீங்க அடிக்கிறத விட்டிருப்பீங்கள்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "விடாட்டி அது எனக்கு இன்னும் கவலையா இருந்திருக்கும்" என்றாள். யோகராஜ் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். பதினொரு வருடம் இந்த மனுசி தன்னோடு ஒரு வீட்டில், தான் இல்லாமல் வாழ்ந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அடுத்த நாளிலிருந்து போனைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்திவைத்துப் பச்சை விளக்கை விட்டு இம்மியும் விலகாமல் அடித்தான். தையல் அறையிலும் மூன்று மணித்தியாலம் மூன்று மணித்தியாலமாகவே போனது. கடிகாரம் திருந்திவிட்டது, தேத்தண்ணி சூடாக வந்தது, மண்டபங்களில் புரியாணி நேரத்துக்குத் திறக்கப்பட்டது. இதோடு விட்டிருக்கலாம். ஆனால் குற்றவுணர்ச்சி பிடித்த ஆம்பிளை சும்மா இருக்கமாட்டான், எதையாவது திருத்த வெளிக்கிடுவான். ஓடினால் அவளுக்கு வயது ஏறும் என்றால், பின்னுக்கு இழுத்து அடித்தால் அவளுக்கு நேரம் மெல்லப் போகுமல்லவா, அதற்குள் தான் அவளை எட்டிப் பிடித்துவிடலாமல்லவா என்று யோசித்தான். அஹ்ஸனிடம் எல்லாவற்றையும் சொன்னான், அவன் போனில் கணக்குப் பார்த்தான். ஓடும்போது மூன்று மணித்தியாலத்தில் பன்னிரண்டு பறிபோனது உண்மை. இழுக்கும்போது மூன்று மணித்தியாலத்தில் மூன்றுக்கு மேல் மிச்சம் பிடிக்க ஏலாது. அந்த வீதத்தில் பதினொரு வருடத்தைத் திருப்ப எண்பத்தெட்டு வருடம் பிடிக்கும். "ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணித்தியாலம் அடிச்சா இருவத்திரண்டு வருசம், அண்ணே. ஆனா இது பைத்தியக்கார வேல" என்றான். யோகராஜுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

குழுவுக்கு வேறு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, 2024 ஒக்டோபரிலிருந்து காலை ஆறு மணிக்குத் தாழ்ப்பாளைப் போட்டான். அப்பில் ஆகக் குறைந்த வேகம் நிமிடத்துக்கு இருபது அடி. வாழ்நாள் முழுக்க ஓடிய கைக்கு ஓர் அடிக்கும் மற்ற அடிக்கும் நடுவில் மூன்று நொடி சும்மா நிற்பது பெரிய வாதை. தோள் நடுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், பச்சை விளக்கு மட்டும் அணையவில்லை. பின்னேரம் ஆறு மணிவரை அடித்தால், தையல் அறையில் பத்து நிமிடம் போயிருக்கும். ராணியிடம் அவளுடைய விருப்பத்தை அவன் கேட்கவில்லை. அவளுக்குப் பதினொரு வருட ஓய்வு கொடுக்கிறேன் என்று சொன்னான், அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பதில் அவளுக்கு, அவளுடைய கணக்கில், முப்பத்துமூன்று வருடப் பழக்கம்.

ஜீவராணி காலையில் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கைக்குப் பட்டி வைத்து நிமிர்ந்தால் ஜன்னலில் இருட்டு. உலை வைத்தால் அது கொதிக்க முதல் பகல் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவன் தொடங்க முதல் எழும்பி, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், கடற்கரையோரம் சும்மா நின்று, ஒரு பகலை முழுதாகக் கண்டுவிட்டு வருவாள். மற்ற நாட்களில் அவளுக்கு இரவுதான். சட்டைகள் தேங்கின. ஷிம்னா இரண்டு தடவை பொறுத்தாள், மூன்றாம் தடவை துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள், போகும்போது ஜீவராணியின் கையைப் பிடித்து உனக்கு என்ன வருத்தம் என்று கேட்டாள். யோகராஜோ மாதக் கடைசியில் போனைப் பார்த்து, பதினைந்து நாள் எட்டிப் பிடித்துவிட்டேன் என்று குதூகலிப்பான். அவனுக்கு ஒரு நரை விழுந்தபோது கண்ணாடியில் அதைக் காட்டி ஆனந்தப்பட்டான்.

2025 மே மாதம் ஒரு வியாழக்கிழமை, தெமட்டகொடையில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த ஜீவராணியின் அக்கா பாக்கியலெட்சுமிக்குக் காலை ஏழு மணிக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தங்கச்சியைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மகன் தர்ஷன் நாற்பத்தொரு தடவை போன் எடுத்தான். தையல் அறையில் ஜீவராணியின் போன் நாற்பத்தொரு தடவை அடித்தது சில நிமிடங்களுக்குள் சின்னச் சின்னக் கீச்சுகளாகக் கேட்டு அடங்கியது, அவள் அதை எடுக்கக் கை நீட்டுவதற்குள் அடுத்தது, அதற்குள் அதற்கடுத்தது. யோகராஜின் போன் அப்புக்குக் குறுக்கே வேறெந்தச் சத்தமும் வராதபடி பூட்டி வைக்கப்பட்டிருந்தது. தர்ஷன் ஓட்டோ பிடித்து வந்து கதவையும் தட்டினான். உள்ளே அது ஒரு மழைத்துளி விழுந்த மாதிரி இருந்தது. அவன் கால் மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டுத் தாயிடம் திரும்பிப்போனான். நான்கு மணிக்குப் பாக்கியலெட்சுமியின் மூச்சு நின்றது. ஆறு மணிக்கு யோகராஜ் தாழ்ப்பாளைத் திறந்து, இன்றைக்கும் பன்னிரண்டு மணித்தியாலம் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தான். ஜீவராணி கையில் போனோடு நின்றுகொண்டிருந்தாள். காலையில் அவள் ஊற்றிய தேத்தண்ணியில் இன்னும் ஆவி பறந்தது.

செத்தவீட்டில் அவள் அழுதாள், ஆனால் அவனைத் திட்டவில்லை. தர்ஷன் இருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, அதில் பிழையும் இல்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜீவராணி வாயைத் திறந்தாள். "முதல் நீங்க எனக்கு வேண்டாத நேரத்த அள்ளிப் போட்டீங்கள். இப்ப எனக்கு வேணுமெண்ட நேரத்த எடுத்துப் போட்டீங்கள். ரெண்டுக்கும் என்னட்ட ஒரு வார்த்த கேக்கேல்ல." யோகராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு, உன்னை எட்டிப் பிடிக்கத்தான், உன்னோடு இருக்கத்தான் என்றான். "என்னோட இருக்கோணுமெண்டா அடிக்காம வந்து இருங்கோவன், அப்பா. இதுக்கு ஏன் இவ்வளவு கணக்கு?" என்றாள் அவள். அந்த ஒரு வழி அஹ்ஸனின் கணக்கிலும் இல்லை, அப்பிலும் இல்லை, யோகராஜின் மண்டையிலும் இருபத்துமூன்று வருடமாக ஏறவில்லை.

அவன் திரும்பவும் குழுவில் சேர்ந்தான். மண்டபங்களில் போனை முன்னால் வைத்து, எல்லோரையும் போலச் சீராக அடிக்கிறான். அவனுடைய பழைய விறுவிறுப்பு போய்விட்டது என்று இரண்டொருவர் குறை சொல்கிறார்கள். வீட்டில் பின் அறையைத் திறப்பதில்லை. காலை பத்திலிருந்து ஒரு மணிவரை தையல் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்து, சட்டைகளுக்குக் கொளுக்கி தைத்துக் கொடுக்கிறான். முதலில் கோணல்மாணலாகத் தைத்தான், ராணி பிரித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். ஷிம்னா பழையபடி துணி அனுப்புகிறாள், இப்போது மூன்று நாள் வேலைக்கு மூன்று நாள் தவணை. அங்கே இருந்தபடி ஒருநாள் அவன் மெல்லக் கேட்டான்: அந்தப் பதினொரு வருடமும் நீ என்ன செய்தாய், எனக்குச் சொல்லு, முதல் நாளிலிருந்து. அவள் அவனை விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். 2002 இல் முதல் நாள் இரண்டு சட்டை வெட்டினேன், வெயில் நகரவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பயந்துபோய்த் தெருக்கதவில் நின்றேன், தெருவில் சனம் நகராமல் நின்றது, உள்ளே வந்துவிட்டேன். அநேகமான நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. அவன் அதையும் ஒவ்வொன்றாகக் கேட்டான், ஒரு நாளையும் தாண்டிப் போகச் சொல்லவில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில் அவர்கள் 2006 நவம்பருக்கு வந்துசேர்ந்தார்கள். ஜீவராணி மெஷினை நிறுத்தினாள். "அண்டைக்கு எனக்கு ரெண்டு மாசம். உங்களுக்கு இன்னும் சொல்லேல்ல. ஒரு வெள்ளிக்கிழம பாத்துச் சொல்லுவம் எண்டு இருந்தனான். நீங்க பத்து மணிக்குத் தொடங்கினீங்கள். பதினொண்டுக்கு முதல் எல்லாம் முடிஞ்சுது. நிலத்தக் கழுவி, உடுப்பு மாத்தி, கொஞ்ச நேரம் படுத்து எழும்பி, சோறும் வடிச்சன். நீங்க வந்து சாப்பிட்டிட்டு, கறிக்கு உப்புக் கூட எண்டனீங்கள். பிறகு எனக்கு ஒண்டும் தங்கேல்ல."

யோகராஜின் கையில் கொளுக்கி இருந்தது. "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, ராணி" என்றான்.

"கூப்பிட்டனான்" என்றாள்.

அவன் அந்தக் கொளுக்கியைத் தைத்து முடித்தான். பிறகு, அடுத்த நாள் என்ன நடந்தது என்று கேட்டான். அடுத்த நாள் நீங்கள் திரும்பவும் பத்து மணிக்குத் தொடங்கினீர்கள் என்று அவள் சொன்னாள், மெஷினை மிதித்தாள். இன்னும் ஒன்பது வருடத்தைச் சொல்லி முடிக்க இருக்கிறது. ஒழுங்கையில் எல்லோருக்கும் அது தெரியும், பத்திலிருந்து ஒரு மணிவரை அவர்களுடைய கதவை யாரும் தட்டுவதில்லை.